காட்டை விற்கும் முன்னால்: மாற்றுத்திறன் குழந்தையின் பள்ளிச் செலவு

கேள்வி, 3 ஜூன் 2024

என் மகளுக்கு ஆறு வயசு. டவுன் சிண்ட்ரோம். ஓடுவாள், சொன்னால் புரிந்துகொள்வாள், பேச்சு மட்டும் நாலைந்து வார்த்தைதான். நாங்கள் அரச்சலூர் பக்கம். ஈரோட்டில் ஒரு சிறப்புப் பள்ளியில் மாதம் 9,000 கேட்கிறார்கள். வேனுக்கு 3,000 தனி. சேர்க்கும்போது 40,000. வீட்டுக்காரருக்கு மில்லில் 24,000 சம்பளம். மேகாட்டில் (மானாவாரி விவசாய நிலம்) ஒரு ஏக்கரை விற்றுக் கட்டிவிடலாம் என்கிறார் மாமனார். இந்தச் செலவுக்கு உதவி செய்கிறவர்கள் யாராவது உண்டா? அரசாங்கத்தில் ஏதாவது கிடைக்குமா?

பதில், 3 ஜூன் 2024, இரவு

காட்டை விற்காதீங்க அம்மிணி. மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், இதை மட்டும் இப்போதே எழுதிப்போட வேண்டும் என்று தோன்றியது. அட்வான்ஸ் வாங்கிவிட்டால் திரும்ப முடியாது.

ஒரு கேள்வி. பாப்பாவுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழும் யுடிஐடி அட்டையும் (நாடு முழுதும் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வாங்கிவிட்டீர்களா?

4 ஜூன் 2024

என் கதையைச் சொன்னால்தான் நேற்று ஏன் அப்படிப் பதறினேன் என்று புரியும்.

எங்களுக்குக் கோபி பக்கம் கிராமம். பையனுக்கு ஒன்பது வயசு. அறிவுசார் குறைபாடு, கூடவே ஆட்டிசம். மூன்றரை வயசில் தெரிந்தது. பேச்சு வரட்டும், அப்புறம் பள்ளிக்கூடம் பார்க்கலாம் என்று ஒன்றரை வருஷம் காத்திருந்தோம். அதற்குள் கொரோனா வந்து எல்லாப் பள்ளியையும் மூடிவிட்டார்கள். 2022 ஜூனில்தான் ஒரு தனியார் சிறப்புப் பள்ளியில் சேர்த்தோம். ஐந்து பவுன் கூட்டுறவு பேங்கில் அடகுக்குப் போனது.

அந்த வருஷத்துக் கணக்கை என் வீட்டுக்காரர் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். இப்போதும் பீரோவில் இருக்கிறது. பள்ளி 8,500. வேன் 2,500. பேச்சுப் பயிற்சி வாரம் இரண்டு தடவை, தடவைக்கு 500 என்று 4,000. ஆக்குபேஷனல் தெரபி (உண்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்கான பயிற்சி) அதே மாதிரி 4,000. மொத்தம் 19,000. கீழே ஒரு கோடு போட்டு 2,28,000 என்று வருஷக் கணக்கு. அதற்கும் கீழே அவருடைய சம்பளம் 26,000. ஒரு கணக்கிலும் வராத தொகை இன்னொன்று. நான் நூல் மில் ஆபீசில் 14,000 சம்பளத்துக்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். பையனைக் கூட்டிப்போகக் கூட்டிவர ஆளில்லாமல் அந்த வேலையை விட்டேன். அதைச் செலவு என்று அந்தத் தாளில் யாரும் எழுதவில்லை.

அந்தத் தாளை உற்றுப் பார்க்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. "பள்ளிச் செலவு, பள்ளிச் செலவு" என்று புலம்பினோமே, அதில் பள்ளிக்கூடம் பாதிகூட இல்லை. மிச்சம் பயிற்சியும் வேனும். பள்ளி ஃபீஸைத் தூக்கிக் கொடுக்க யாரும் வரமாட்டார்கள் அம்மிணி. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் பயிற்சிக்கு ஒரு வழி, பஸ்ஸுக்கு ஒரு வழி, மருந்துக்கு ஒரு வழி என்று தனித்தனியாக இருக்கிறது. ஒட்டுமொத்தமாக ஒரு தொகையைச் சொல்லிக் கேட்டால் ஒரு வழியும் கண்ணில் படாது.

4 ஜூன் 2024, பொழுதோட (சாயந்திரம்)

விட்டுப்போனது ஒன்று. அந்தப் பள்ளியில் வாரம் ஒரு நாள் பேச்சுப் பயிற்சி டீச்சர் வருவார். அது ஃபீஸிலேயே சேர்ந்தது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதே டீச்சரிடம்தான் சாயந்திரம் வெளியே 500 கொடுத்துப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். எட்டு மாதம் கழித்து அவரே, "ஏனுங்க, இவனைத்தான் வியாழக்கிழமை நான் பார்க்கிறேனே" என்றார். சேர்க்கும் முன்னால் அந்த 9,000த்துக்குள் என்னென்ன அடக்கம் என்று தாளில் எழுதி வாங்குங்கள். 40,000 எதற்கு, திரும்ப வருமா என்பதையும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

9 ஜூன் 2024

சான்றிதழ் வாங்கவில்லை என்றும், வீட்டில் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். "முத்திரை குத்திய மாதிரி ஆகிவிடும்" என்று இன்னொருவரும் எழுதியிருந்தார்.

எங்கள் வீட்டிலும் இதே பேச்சுத்தான். என் மாமியார், மூத்தவள் கல்யாணத்துக்கு ஒரம்பரையில் (உறவுக்காரர்களில்) நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அழுதார். மூத்தவளுக்கு அப்போது ஏழு வயசு. அவருக்காக இரண்டு வருஷம் தள்ளிப்போட்டோம். அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவருக்கு அந்தப் பயம் உண்மையானது. ஆனால் பையனைப் பார்த்த யாருக்கும் தெரியாத எதையும் அந்தத் தாள் புதிதாகச் சொல்லிவிடவில்லை. அது இல்லாததால் அவனுக்கு வர வேண்டியது வராமல் போனது, அவ்வளவுதான்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால்தான் பெரும்பாலான உதவிகளுக்குத் தகுதி. அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு, 6 முதல் 18 வயசு வரைக்கும் அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. இதைப் படித்துவிட்டு நான் தனியார் பள்ளியில் போய் வாதாடினேன். எந்தத் தனியார் பள்ளி ஃபீஸையும் அரசு கட்டும் என்று அதற்கு அர்த்தமில்லை என்று பிறகுதான் விளங்கியது. அரசுப் பள்ளியில் "இவனைச் சேர்க்க முடியாது" என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்கு அந்தப் பிரிவு கைகொடுக்கும். எனக்குக் கொடுத்தது.

சின்னக் குழந்தைக்குத் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ். எந்தத் தேதி வரைக்கும் செல்லும் என்று வாங்கிய அன்றே பாருங்கள். கற்றல் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. எட்டு வயசுக்கு மேல்தான் அந்தப் பரிசோதனை, பிறகு குறிப்பிட்ட வயசுகளில் திரும்பச் செய்ய வேண்டும். அதைப் பற்றிக் கேட்ட பவானிக்கார அண்ணாவுக்கு இது.

22 ஜூன் 2024

ஒரு சந்தோஷம். அரச்சலூர் அம்மிணி சான்றிதழுக்குப் பதிந்துவிட்டார்.

கையில் வந்ததும் முதலில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிக் கொடுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000. 2023 ஜனவரிக்கு முன்னால் 1,500 ஆக இருந்தது. கொடுத்த மாதமே வந்துவிடாது. எங்களுக்குப் பதினோரு மாதம் ஆனது. அதனால்தான் சீக்கிரம் கொடுங்கள் என்கிறேன்.

அடுத்தது நிராமயா. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் மருத்துவக் காப்பீடு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் சேர 250 ரூபாய், மேலே என்றால் 500. வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும். தெரபிக்கும் அதற்குள்ளேயே ஒரு உச்சவரம்போடு பணம் உண்டு. சேரும்போது உடல் பரிசோதனை எதுவும் கேட்பதில்லை. நாம் முதலில் செலவு செய்துவிட்டு பில்லைக் கொடுத்து வாங்க வேண்டும்.

நான் கோட்டைவிட்டது அந்த பில்லில்தான். பையன் போன பயிற்சி மையத்தில் மஞ்சள் நிறச் சின்னச் சீட்டு ஒன்று கொடுப்பார்கள். தேதி, பெயர், 500, ஒரு கிறுக்கல் கையெழுத்து. மையத்தின் பெயர்கூட முழுசாக இருக்காது. 41 சீட்டு, ரப்பர் பேண்ட் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன். ஒன்றும் செல்லவில்லை. மையத்தின் பெயரும் முகவரியும் அச்சடித்த பில், தெரபிஸ்ட்டின் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண், டாக்டர் எழுதிய சீட்டு, மூன்றும் இருக்க வேண்டும். 20,500 ரூபாய் செலவுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. அன்று பொழுதோட வாசல்படியில் உட்கார்ந்து அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒவ்வொரு சீட்டும் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய ஒரு நாள்.

முதல் நாளே சரியான பில் கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்கிற இடத்தில் அந்தத் தெரபிஸ்ட் பதிவு பெற்றவர்தானா என்று யோசியுங்கள்.

24 ஜூன் 2024

பஸ் பற்றிக் கேட்டவருக்கு: டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. நான் கூட்டிப்போனால் பெண்களுக்கு எப்படியும் இலவசம். அவன் அப்பா கூட்டிப்போகும்போதுதான் இதனால் லாபம். ரயிலில் தனியாகப் பயணம் செய்ய முடியாத அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதம் சலுகை. சென்னை பக்கம் முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனத்தில் பையனைக் காட்ட ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் போனோம். ரயில்வே படிவத்தில் அரசு டாக்டரிடம் கையெழுத்து வாங்கி முன்னாலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

27 ஜூலை 2024

வருமான வரி கட்டுகிறவர்கள் கவனிக்கவும். 31ஆம் தேதி கடைசி. 80டிடி என்று ஒரு பிரிவு. மாற்றுத்திறன் பிள்ளையை வைத்துப் பராமரிக்கிறவர் வருமானத்தில் 75,000 கழித்துக்கொள்ளலாம். 80 சதவீதமும் மேலும் என்றால் 1,25,000. எவ்வளவு செலவு செய்தோம் என்ற பேச்சே இல்லை, முழுத் தொகையும் கழியும். ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாட்டுக்கு 10-ஐஏ என்ற படிவத்தில் சான்று வேண்டும். ஒன்பது லட்சம் சம்பளம் வாங்கும் பேங்க்காரருக்கு 15,600 மிச்சம். அது ஒரு மாத ஃபீஸுக்கு மேல்.

28 ஜூலை 2024

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். ஆடிட்டர் ஆபீசில் இருக்கும் என் சித்தப்பா மகன் படித்துவிட்டு போன் செய்தான். "அக்கா, 80டிடி பழைய முறையில்தான். புது முறையில் கிடையாது" என்றான். பழைய முறையில் கழிவுகள் உண்டு; புது முறையில் விகிதம் குறைவு, பெரும்பாலான கழிவுகள் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அதை வைத்து முழுக் கணக்கைப் போடவில்லை.

அவன் போட்டுக் காட்டினான். போன நிதியாண்டில் ஒன்பது லட்சம் சம்பளம். பழைய முறையில் நிலையான கழிவு 50,000, 80சி (சேமிப்புக்கான கழிவு) 1,50,000, 80டிடி 75,000 எல்லாம் போக 6,25,000. வரி 39,000. புது முறையில் நிலையான கழிவு மட்டும் போக 8,50,000. வரி 41,600. ஆக உண்மையான மிச்சம் 2,600. வீட்டுக் கடன் வட்டி இருந்தால் இன்னும் கூடும். 80சி முழுசாக இல்லாதவருக்குப் புது முறையே நல்லது. இந்த பட்ஜெட்டில் புது முறையை மறுபடி தளர்த்தியிருக்கிறார்கள், அடுத்த வருஷம் கணக்கு இன்னும் மாறும். இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். எங்களைப் போல வரி கட்டும் அளவுக்கே சம்பளம் இல்லாத வீட்டுக்கு இந்தப் பிரிவால் ஒன்றும் இல்லை. 15,600ஐ நம்பி யாராவது ஃபீஸ் கட்டியிருந்தால் மன்னிக்கவும்.

18 ஆகஸ்ட் 2024

ஆடி முடிந்தது. இனி வீட்டுக்கு வீடு விசேஷம். அதனால் இதை எழுதத் தோன்றியது.

பையனுக்குக் காது குத்து தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, போன வருஷம்தான் வைத்தோம். தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கம் சும்மா இல்லை. தட்டு வரிசை, தங்கம், துணி, மாலை எல்லாம் மேளத்தோடு வரும். என் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கடன் வாங்கித்தான் செய்வான் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு மாதத்துக்கு முன்னால் போய் அவனிடமும் தம்பி பொண்டாட்டியிடமும் நேராகக் கேட்டேன். "கண்ணு, பவுன் வேண்டாம். மாதம் 2,000 வீதம் ஒரு வருஷம் மருமகன் பயிற்சிக்குக் கொடு. தட்டில் தேங்காய் பழம் வைத்தால் போதும்."

தம்பி பேசாமல் இருந்தான். தம்பி பொண்டாட்டிதான், "நங்கை கேக்கறது சரிதானுங்க" என்றாள். என் அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. சபையில் வெறும் தட்டு வைத்தால் தம்பிக்குத்தான் தலைக்குனிவு என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் அப்புச்சி (பையனின் தாய்வழித் தாத்தா) அரைப் பவுன் மோதிரம் ஒன்று தட்டில் வைத்தார். சபை அடங்கியது. தம்பி இன்றைக்கு வரைக்கும் மாதம் ஐந்தாம் தேதி அனுப்புகிறான், வருஷம் முடிந்தும் நிறுத்தவில்லை.

நம் ஊரில் பணம் இல்லாமல் இல்லை. நோம்பிக்கும் சீருக்கும் மொய்க்கும் போகிறது. அதைக் கேட்கும் வாய்தான் நமக்கு இல்லை. இதை எல்லா வீட்டிலும் செய்ய முடியாது, உறவு கெட்டுப்போகும் இடமும் உண்டு. ஆனாலும் ஒரு ஏக்கர் காட்டை விற்பதை விட இது மேல்.

25 ஆகஸ்ட் 2024

ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களைக் கேட்கலாமா என்று ஒரு கேள்வி. கேட்கலாம். என் அனுபவத்தில் ஒரு குழந்தையின் மாதாமாத ஃபீஸ் என்று கேட்டால் கிடைக்காது. ஒரு பொருளாகக் கேட்டால் கிடைக்கும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உட்காரும் பலகை ஒன்றும் ஊஞ்சலும் அப்படித்தான் வந்தன. கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம் (சமூக நலனுக்கு ஒதுக்குவது) தனி ஆளுக்குப் பெரும்பாலும் வராது, பதிவு பெற்ற அமைப்புக்குத்தான் போகும். அதனால் நீங்கள் சேர்க்கப்போகும் பள்ளியிடம், "உங்களுக்கு ஸ்பான்சர் உண்டா, ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைக்கிறீர்களா" என்று கேளுங்கள். அரசு மானியம் பெறும் தொண்டு நிறுவனச் சிறப்புப் பள்ளிகளின் பட்டியலை மாவட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். தனியார் பள்ளியின் விளம்பரப் பலகை மட்டும்தான் ரோட்டில் தெரியும்.

8 டிசம்பர் 2024

"அப்படியானால் உங்கள் பையன் இப்போது எங்கே படிக்கிறான்" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எழுதத் தயங்கினேன். சிறப்புப் பள்ளியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

2023 ஜூனில் எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வாரம் ஒரு நாள் வருவார். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் எட்டியிருக்கும் நிலைக்குப் பிரித்து உட்கார வைப்பார்கள். இவன் அரும்பு. மூன்றாம் வகுப்பில் இன்னும் நாலு பிள்ளைகள் அரும்பில் இருந்தார்கள். அவர்களுக்கு எந்தக் குறைபாடும் இல்லை, கொரோனாவில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள். அவர்களோடு இவனும் ஒரு வட்டத்தில். தனியார் பள்ளியில் 8,500 கட்டிக் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது.

காலையில் பள்ளியில் கிச்சடி. வீட்டில் ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுகிறவன், அங்கே பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தானே எடுத்துச் சாப்பிட்டான். சமையல் அக்கா என்னைக் கூப்பிட்டு ஜன்னல் வழியாகக் காட்டினார். தட்டில் பாதி, சட்டையில் பாதி. நான் உள்ளே போகவில்லை.

ஆனால் பள்ளிக்கூடம் மட்டும் அவனுக்குப் போதவில்லை. முதல் மூன்று மாதம் கத்தினான், ஓடினான். ஒரு டீச்சர் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஷேடோ டீச்சர் (அவன் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் தனி ஆள்) வைக்கச் சொன்னார்கள். அந்தச் சம்பளத்துக்கு நாங்கள் எங்கே போவது? தலைமையாசிரியர் அனுமதித்ததால் காலை இரண்டு மணி நேரம் என் மாமியார் போய்ப் பின்னால் உட்கார்ந்தார். ஆமாம், சான்றிதழ் வேண்டாம் என்று அழுத அதே மாமியார்தான். இப்போது மற்றப் பிள்ளைகளும் அவரை ஆத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பயிற்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் ஆரம்ப இடையீட்டு மையம் (பிள்ளைகளின் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டு பயிற்சி தரும் இடம்). 18 வயசு வரைக்கும் இலவசம். கூட்டம் அதிகம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் நேரம் கிடைக்கிறது. மிச்ச நாளைக்குக் கோவை அவினாசிலிங்கத்தில் சிறப்புக் கல்வி பி.எட். முடித்த எங்கள் ஊர்ப் பொண்ணு சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்து சொல்லித் தருகிறாள். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்திலும் இந்தப் படிப்பு உண்டு. உங்கள் பக்கத்திலும் அப்படிப் படித்தவர்கள் இருப்பார்கள், விசாரியுங்கள். மாதம் 3,000 கொடுக்கிறோம். அதில் 2,000 தம்பி அனுப்புவது. அரசு உதவித்தொகையிலிருந்து 1,000. காலண்டர் தாளில் 19,000 என்று இருந்த இடத்தில் இன்று, மருந்தும் போக்குவரத்தும் சேர்த்து, ஐயாயிரத்துக்குள்.

நானும் ஒரு உரக்கடையில் அரை நாள் கணக்கெழுதுகிறேன். 7,000. அதைத்தான் பெரிய வரவு என்று நினைக்கிறேன்.

9 டிசம்பர் 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் பையனுக்கு முடிந்தது, என் மகள் எழுந்து உட்காரவே மாட்டாள்" என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். நியாயம். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் ஏற்பாடு அதே வட்டார வள மையத்தில் இருக்கிறது, இயன்முறை மருத்துவரும் வருவார். அரசுப் பள்ளிப் பதிவேட்டில் பெயர் சேர்த்தால் மாற்றுத்திறன் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 வீதம் பத்து மாதம் தனியாக உண்டு. சின்னத் தொகைதான். ஆனால் பெயர் பதிவேட்டில் இருந்தால்தான் மற்றதும் தேடி வரும். இந்த வருஷம் மத்திய அரசிடமிருந்து ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டப் பணம் வராமல் நிற்பதால் சில இடங்களில் வருகை குறைந்திருக்கலாம். அதற்காகப் பதியாமல் இருக்க வேண்டாம்.

அவர் கேட்ட இன்னொன்று, எங்களுக்கு அப்புறம் என்ன என்பது. இங்கே யாரும் அதை எழுதவில்லை, எல்லோரும் நினைக்கிறோம். பி.எஃப். பிடிக்கும் வேலையில் இருக்கிறவர் இறந்துவிட்டால், நிரந்தரமாக முழுக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு வயசு வரம்பு இல்லாமல் ஓய்வூதியம் உண்டு. ஆபீஸ் பதிவில் பிள்ளையின் பெயரும் விவரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். என் வீட்டுக்காரர் கம்பெனியில் பையன் பெயரே சேர்க்கப்படாமல் இருந்தது.

11 அக்டோபர் 2025

பத்து மாதம் எழுதவில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை, இப்போது தேவலை.

ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) பற்றி அடிக்கடி கேள்வி வருகிறது. தனியார் பள்ளியில் 25 சதவீத இடம். மாற்றுத்திறன் பிள்ளைகள் 2012 திருத்தத்துக்குப் பிறகு வாய்ப்பு மறுக்கப்பட்டோர் பிரிவில் வருகிறார்கள், வருமான உச்சவரம்பு அவர்களுக்குப் பார்ப்பதில்லை. ஆனால் எல்கேஜியிலோ ஒன்றாம் வகுப்பிலோ நுழையும்போது மட்டும்தான். இந்த வருஷம் சேர்க்கை அறிவிப்பே அக்டோபரில்தான் வந்திருக்கிறது. என் பையனுக்கு நாங்கள் பேச்சு வரட்டும் என்று காத்திருந்ததில் இந்த வழி அடைபட்டது. மூன்று, நாலு வயசுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் பேச்சுக்குக் காத்திருக்காதீர்கள். வேன் கட்டணம் அதில் வராது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

16 நவம்பர் 2025

அரச்சலூர் அம்மிணி நேற்று போனில் பேசினார். ஒரு மணி நேரம் பழமை பேசிக்கொண்டிருந்தோம். காடு விற்கவில்லை. மாமனார் இந்த வருஷம் எள் போட்டிருக்கிறாராம். பாப்பா ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, வாரம் இரண்டு நாள் மத்தியானத்துக்கு மேல் ஈரோட்டில் ஒரு தொண்டு நிறுவன மையம், அங்கே ஃபீஸ் இல்லை. மாதம் 2,000 உதவித்தொகை செப்டம்பர் முதல் வருகிறது. நிராமயா மட்டும் இன்னும் போடவில்லை, ஃபாரம் குழப்பமாக இருக்கிறது என்றார்.

என் பையனின் சான்றிதழ் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கச் செவ்வாய்க்கிழமை ஈரோடு வருகிறேன். அம்மிணி, நீங்களும் கலெக்டர் ஆபீசுக்குப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பதினோரு மணிக்கு வந்துவிடுங்கள். யுடிஐடி அட்டை, ஆதார், பேங்க் புத்தகம், பாப்பாவின் இரண்டு போட்டோ எடுத்து வாங்க. மஞ்சள் சீட்டு ஏதாவது இருந்தால் அதையும் கொண்டு வாங்க, எதில் பில் மாற்றி வாங்கலாம் என்று பார்த்துவிடலாம். ஃபாரத்தை நானே நிரப்பித் தருகிறேன். மத்தியானச் சோறு நான் கொண்டுவருகிறேன், புளிச்சாதமும் உருளைக்கிழங்கும். பாப்பாவுக்குக் காரம் ஆகுமா என்று மட்டும் சொல்லுங்கள்.